ஆறு பாய் அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஒசாகா நிப்பொன்பாஷி கடைத்தெருவில் முப்பத்தொரு வருடம் ஸ்பீக்கர் விற்றவன் நான். வாங்க வருகிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. பத்திரிகை படித்துவிட்டு வருவார்கள். எத்தனை வாட், உள்ளே அதிர்கிற கோன் எத்தனை சென்டிமீட்டர், காந்தம் எத்தனை கிலோ என்று என்னிடமே ஒப்பிப்பார்கள். "சரி, உங்க ரூம் எத்தனை பாய்?" என்று கேட்டால் மட்டும், சம்பளத்தைக் கேட்ட மாதிரி முகம் சுருங்கிப்போகும். எங்கள் ஊரில் அறையை அளப்பதே தரையில் விரிக்கிற பாய்க் கணக்கில்தான். யார் வீட்டு அறைதான் பெரிது? ஆறு பாய் போட்டால் தரை முடிந்தது. அதற்குள் ஆளுயரப் பெட்டி இரண்டைக் கொண்டுபோய்த் திணித்துவிட்டு, சத்தம் சரியில்லை என்று என் சட்டையைப் பிடிப்பார்கள்.

குராமோச்சியும் அந்தத் தப்பைச் செய்தவர்தான். ஆனால் அவர் வந்த காரணம் வேறு.

1984 இலையுதிர் காலம். மாநகரப் பேருந்து ஓட்டுநர், ஐம்பத்து மூன்று வயது. சீருடைத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக, வேலை முடிந்த கையோடு கடைக்கு வந்திருந்தார். வாட்டும் பேசவில்லை, காந்தமும் பேசவில்லை.

"முப்பத்திரண்டு பொம்பளைங்க சேந்து பாடுறாங்க. அதுல ஒருத்தி குரல் மட்டும் எனக்குத் தனியா கேக்கணும். அந்த மாதிரி ஸ்பீக்கர் வச்சிருக்கியா?"

"அந்த ஒருத்தி யாருங்க?"

"என் பொண்டாட்டிதான். வேற யாரு?"

அவர் மனைவி யசுயோ, வட்டார மகளிர் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது ஆள். பதினோரு வருடம் முன்னால் அந்தக் குழு சொந்தச் செலவில் ஓர் இசைத்தட்டு போட்டது. உறுப்பினர்களுக்கு ஆளுக்கொன்று. ஒவ்வொரு ஜூன் மாதமும், தன் பிறந்தநாளன்று, யசுயோ அதை எடுத்துப் போடுவாள். "நான் எங்க இருக்கேன், சொல்லுங்க" என்பாள். குராமோச்சி விரலை நீட்டி, "இதோ!" என்பார். "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் அவரைக்காய் உரிக்கப் போய்விடுவாள்.

"நெஜமா எனக்கு ஒண்ணும் கேக்காது. முப்பத்திரண்டு பேரும் ஒரே கஞ்சியா கேக்குது. பதினோரு வருஷமா புளுகிட்டு இருக்கேன்."

"மொத வருஷமே தெரியலன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொல்லலாம். அன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்திருந்தா நீயும் சொல்லியிருக்க மாட்ட."

இதில் இப்படி உருக என்ன இருக்கிறது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவர் கையுறையைக் காட்டினார். பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விதி. கண்ணால் பார், விரலால் காட்டு, வாயால் சொல். "வலப்பக்கம், சரி! கதவு, சரி!" பார்க்காமல் விரல் நீட்டினால் அவன் ஓட்டுநரே இல்லை. இருபத்தெட்டு வருட வேலையில் அவர் ஒருநாளும் பொய்யாக விரல் நீட்டியதில்லை. வீட்டில் மட்டும் வருடத்துக்கு ஒருதடவை நீட்டுகிறார்.

"வர்ற ஜூன்ல நெஜமா கேட்டுட்டு காட்டணும். அவ்வளவுதான்யா."

அந்த ரெக்கார்டைக் கொண்டுவாருங்கள், அதைப் போட்டே ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். யசுயோ தரமாட்டாளாம். பிறந்தநாளைத் தவிர வேறெந்த நாளும் அது அவள் துணி அலமாரியை விட்டு வெளியே வராதாம். சரி, எங்களிடமே வேறொரு மகளிர் குழுவின் ரெக்கார்டு இருந்தது. அதைப் போட்டேன், வீட்டில் கேட்கவும் அதையே அவருக்கு இரவல் கொடுத்தேன்.

சின்ன ஜோடியைத்தான் முதலில் காட்டினேன். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற முப்பது கிலோ பெட்டிகளிடம் போய்விட்டார்.

"அண்ணே, ஆறு பாய் ரூமுக்கு இது தாங்காது."

"பெரிய பஸ்ஸுலதான்யா குலுக்கல் இருக்காது."

"பெரிய பஸ்ஸு சந்துல திரும்பாதுண்ணே."

"ஓட்டுறது நானா நீயா?"

என் கோபக்காரப் புத்தி. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விற்றுவிட்டேன். தண்டனை எனக்கும் கிடைத்தது. லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஆளுக்கொரு முனையாகப் பிடித்து ஏற்றியதில் ஒரு வாரம் என்னால் நிமிர முடியவில்லை.

சத்தம்? கேட்கவே வேண்டாம். பியானோவின் இடக்கைப் பக்கம் அடிக்கும்போதெல்லாம் பாயோடு சேர்ந்து தரை குமுறியது. பெண்கள் பாடுகிறார்களா, பக்கத்தில் லாரி நிற்கிறதா என்றே தெரியவில்லை. சின்ன அறையில் அடிச்சுரம் போக இடமில்லாமல் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு நிற்கும், மேலே இருக்கிற குரல்களை எல்லாம் தின்றுவிடும். கீழ்வீட்டுக்காரர் நிலநடுக்கம் என்று நினைத்துத் தலைக்கவசமும் அவசரப் பையுமாகப் படிக்கட்டில் வந்து நின்றார். யசுயோ அவருக்கு ஒரு பெட்டி பலகாரம் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இந்த ரெண்டு பீரோவும் இங்க இருந்தா நாம எங்க படுக்குறது? இதுங்க மேலயா?"

மூன்றாம் வாரம் குராமோச்சி, அந்தப் பீரோ இரண்டையும் எங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டு, தானும் திரும்பி வந்தார். கையில் தரையில் போட்டு உட்காருகிற மெத்தணை ஒன்று, ஒரு சுருள் வெள்ளை டேப். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைத் தரையில் குந்தி, அளந்து அளந்து டேப் ஒட்டினார். தன் அறை. இங்கே ஜன்னல், இங்கே வாசல், இங்கே பகலில் படுக்கை மெத்தைகளை மடித்து அடுக்கும் அலமாரி. ஒட்டி முடித்து, ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, டேப் கோட்டைத் தாண்டி உள்ளே போய் மெத்தணைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

"ஷூவக் கழட்டு! பாய்மேல வர்ற!"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் கழற்றினேன். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் கடையில் ஸ்பீக்கர் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவன் காது உயரத்தில் இருக்கும். வாங்கிப் போகிறவனோ வீட்டில் தரையில் உட்கார்கிறான். மேல்சுரம் முழுக்க அவன் தலைக்குமேல் பறந்துபோகும். அத்தனை வருடம் தொழில் செய்து எனக்கு வராத புத்தி, பேருந்து ஓட்டுகிறவருக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் காது மட்டத்துக்குத் தாழ்வாக வைத்து, ஆறு ஜோடிகளை மூன்று நாள் மாற்றி மாற்றிக் கேட்டோம். அவர் சோதித்த விதமே தனி. கண்ணை மூடிக்கொள்வார். ரெக்கார்டில் யார் எங்கே நிற்கிறாள் என்று விரலால் காட்டுவார். விரல் தடுமாறினால் அந்த ஜோடி வெளியே. நாலாவது ஜோடிக்கு விரல் ஆணி அடித்த மாதிரி நின்றது. பதினாறு சென்டிமீட்டர் கோன், பின்பக்கம் காற்று ஓட்டை இல்லாத அடைத்த பெட்டி. சுவரை ஒட்டி வைத்தாலும் அடக்கமாக இருக்கும். நான் முதல் நாளே காட்டிய ஜோடி அதுதான். சொல்லிக் காட்டாமல் இருக்க நான் மகான் இல்லை. சொல்லிக் காட்டினேன்.

"தெரியும்யா. நீ காட்டினப்ப எனக்குக் காது இல்ல. இப்ப இருக்கு" என்றார்.

வீட்டில் கொண்டுபோய் வைத்தபோது ஒரே சிக்கல் தூரம். ஸ்பீக்கருக்கும் அவருக்கும் நடுவே இடம் போதவில்லை. அதனால் பின்சுவரில் இருந்த மெத்தை அலமாரியின் இழுப்புக் கதவு இரண்டையும் கழற்றிவிட்டு, முதுகு அலமாரி வாசலை ஒட்டுகிற அளவுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று யசுயோ அங்கே ஒரு பூத்துணித் திரையைத் தொங்கவிட்டாள்.

முதல் விடுமுறை நாள் நல்ல மழை. எனக்குப் போன் வந்தது. "தொகுனாகா! ஒவ்வொருத்தி மூச்சும் தனித்தனியா கேக்குதுய்யா!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். எனக்கும் சந்தோஷம்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடி போன். "கெட்டுப்போச்சு."

அதற்கடுத்தது மழை. நன்றாக இருக்கிறதாம். பிறகு நாலு தடவை வெயில். நாலு தடவையும் கும்மென்று குமுறுகிறதாம். கீழ்வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிப்பதால் சாயங்காலம் போட முடியாது. விடுமுறை நாள் முற்பகலில்தான் அவர் கேட்பார். குளிர்காலம் முழுக்க அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்தார். மழை, நன்று. வெயில், மோசம். மேகமூட்டம், சில நாள் இப்படி, சில நாள் அப்படி.

இங்கேதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "கோன் காகிதம்ணே. ஈரத்துல பதமா இருக்கும், காஞ்சா வெறைச்சுக்கும்" என்று அடித்துவிட்டேன். கடைக்கு வருகிற பெரிய ரசிகர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்த் தன் ஸ்பீக்கர் முன்னால் கெட்டிலைக் கொதிக்க வைத்தார். குராமோச்சி ஈரத் துண்டுகளைக் கொடி கட்டித் தொங்கவிட்டார், மூலைக்கு மூலை தண்ணீர்ச் சட்டி வைத்தார், ஈரமானி வாங்கி மாட்டினார். அந்த அறைக்குள் போனால் குளியலறை மாதிரி இருக்கும். வெயில் நாளில் சத்தம் மட்டும் திருந்தவில்லை.

"துணி காய வைக்க இடமில்லாம நான் அல்லாடுறேன். இவரு நனைய வைக்க எடம் தேடுறாரு" என்று யசுயோ என்னிடம் புலம்பினாள். "நீங்கதானே ஏத்திவிட்டது?"

"நான் சும்மா ஒரு கருத்து சொன்னேன் அண்ணி."

"உங்க கருத்துல என் பாயெல்லாம் பூஞ்சை புடிச்சிருச்சு."

இப்படியே ஜூன் வந்தது. யசுயோவின் பிறந்தநாள். மழைக்காலம்தான், நிச்சயம் மழை இருக்கும் என்று குராமோச்சி நம்பிக்கையோடு விடுப்பு எடுத்திருந்தார். சாட்சிக்கு நானும் வரவேண்டும் என்றார். காலையில் எழுந்து பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பத்து நாள் மழைக்கு நடுவே ஒரு நாள் வெயில் அடித்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? குடியிருப்பு முழுக்க ஒவ்வொரு பால்கனியிலும் மெத்தை தொங்கிற்று. யசுயோ விருந்தாளி மெத்தையையும் விடவில்லை.

நான் உள்ளே போனபோது குராமோச்சி எட்டு ஈரத் துண்டுகளுக்கு நடுவே துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தார். எங்கள் கடை ரெக்கார்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. கும், கும், கும்.

"இன்னிக்கும் புளுகணும்போல இருக்கு. பன்னெண்டாவது தடவை."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்னென்னவோ செய்து பார்த்தேன். ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னே இழுத்தேன், திருப்பினேன், அடியில் செங்கல் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பதினொரு மணி இருக்கும். திடீரென்று அறை இருண்டது. பால்கனித் தகரத்தில் படபடவென்று பெரிய பெரிய துளி.

"மெத்தை! மெத்தை!" என்று சமையலறையிலிருந்து யசுயோ கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

மூன்று பேரும் பாய்ந்தோம். அவள் பால்கனியிலிருந்து எடுத்து எறிய, குராமோச்சி பிடித்து என்மேல் எறிய, நான் திரையை ஒதுக்கி அலமாரிக்குள் திணித்தேன். அடியில் விரிக்கிற மெத்தை மூன்று, மேலே போர்த்துகிற மெத்தை இரண்டு, விருந்தாளி மெத்தை, தலையணைகள். கடைசித் தலையணையைச் செருகிவிட்டுத் திரும்பினேன். ரெக்கார்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் பெண்கள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக.

"பாத்தியா! பாத்தியா! ஈரம்!" என்று குராமோச்சி குதித்தார். "மழை விழுந்த ஒடனே சரியாயிருச்சு!"

நான் அலமாரியிலிருந்து இரண்டு மெத்தையை இழுத்து அடுத்த அறையில் போட்டேன். கும். மறுபடி இரண்டு. கும், கும். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்தேன். அடங்கிவிட்டது.

பஞ்சு. அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறையப் பஞ்சு இருந்தால் அது அடிச்சுரத்தைக் குடித்துவிடுகிறது. வெயில் நாளில் யசுயோ மெத்தைகளைக் காயப் போட்டால், அங்கே மிச்சம் காலி மரப்பெட்டி. அதுதான் மத்தளம் கொட்டியிருக்கிறது. மேகமூட்டமான நாளில் சத்தம் ஒரு நிலைக்கு வராததும் அதனால்தான். யசுயோவுக்கு வானத்தின்மேல் நம்பிக்கை வந்த நாளில் மெத்தை வெளியே, வராத நாளில் உள்ளே. முன்னால் பூத்துணித் திரை. இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் அது கண்ணில் படவில்லை.

யசுயோ இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்ப இத்தன மாசமா நீங்க ரெண்டு பேரும் தேடினது என் மெத்தையவா?"

"ஆமா அண்ணி."

"ஸ்பீக்கர் நிபுணருன்னு சொன்னாங்க உங்கள."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம், எத்தனை பாய் என்பதோடு, மெத்தை எங்கே இருக்கும் என்றும் கேட்டு வந்தேன். பைத்தியம் என்று நினைத்தவர்கள் உண்டு.

"சரி, நல்லாத்தான் கேக்குது. என் பாட்டைப் போடலாமா?" என்று யசுயோ துணி அலமாரிக்குப் போனாள். குராமோச்சியின் முகம் மாறியது. எழுந்துபோய்த் தன் வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மெத்தணையில் நேராக உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது பாட்டு. பியானோ தன் இடத்தில் அடங்கி நின்றது. முதல் வரிசை, பின்னால் இரண்டாம் வரிசை. குராமோச்சி கண்ணை மூடினார். விரல் இடது ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்தது.

"ஓகிதா. மூணாவது ஆள். சரி" என்றார். ஓகிதா வாரத்துக்கு மூன்று நாள் அவர் பேருந்தில் வருகிறவள், வியாழக்கிழமை அவர் வீட்டுச் சமையலறையில் பாடிப் பழகுகிறவள். அந்தக் குரல் அவருக்கு அத்துப்படி. விரல் தாண்டிப்போனது. "முராய். அஞ்சாவது. சரி." அவளும் அதே சமையலறையில் பாடுகிறவள்தான்.

பிறகு விரல் பின்னுக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது. இன்னொருதடவை என்று சைகை காட்டினார். நான் ஊசியை எடுத்து வைத்தேன். மறுபடி ஓகிதா, மறுபடி முராய், மறுபடி நடுவே. அவர் நெற்றியில் வியர்வை. யசுயோ கையில் அவரைக்காய்த் தட்டோடு, உரிக்காமல், கணவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

'இதோ' என்று சொல்லித் தொலையுங்களேன் அண்ணே என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒரு வார்த்தைதானே. அவர் கண்ணைத் திறந்தார்.

"நாலாவது எடம்... ஆள் இல்ல."

மனைவி பக்கம் திரும்பினார். "யசுயோ, நீ அங்க இல்லம்மா. முப்பத்தோரு பேர்தான் கேக்குது. என் காதுல தப்பா, என்னன்னு தெரியல. ஆனா நான் இத்தன வருஷமா பாக்காமயே வெரல நீட்டிட்டேன். மன்னிச்சுக்கோ."

யசுயோ தட்டைக் கீழே வைத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நல்ல ஸ்பீக்கர்தான்! ரொம்ப நல்ல ஸ்பீக்கர்!"

ரெக்கார்டிங் அன்று அவளுக்குச் சளிபிடித்துத் தொண்டை அடைத்துவிட்டதாம். வரிசையில் நில், வாயை மட்டும் அசை, சத்தம் வெளியே வரக்கூடாது என்று குழுவை நடத்துகிற அம்மாள் சொல்லிவிட்டாளாம். அட்டையில் முப்பத்திரண்டு பேர் பெயரும் அச்சாகி வந்தது.

"அவமானமா இருந்துச்சு. ஒங்ககிட்டயாவது சொல்லலாம்னுதான் அன்னிக்குப் போட்டேன். நான் விஷயத்தச் சொல்றதுக்குள்ள நீங்க வெரல நீட்டி 'இதோ நீ!'ன்னீங்க. மூஞ்சில அம்புட்டு பெருமை. எப்பிடிச் சொல்லுவேன்? சரி, அடுத்த வருஷம் 'நீ கேக்கலையே'ன்னு சொல்லுவாரு, அப்ப சொல்லிக்கலாம்னு பாத்தேன். அடுத்த வருஷமும் இதோ. அதுக்கடுத்த வருஷமும் இதோ! நீங்க விட்டாத்தானே?"

"அப்ப நான் புளுகுறது ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"மொத நாள்லேருந்தே தெரியும்."

குராமோச்சி கையுறைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு அவர் கையை எடுத்தார்.

"இப்ப தொண்டை எப்பிடி இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"அங்க போய் நில்லு."

அவள் மறுத்துப் பார்த்தாள். வெளி ஆள் இருக்கிறாரே என்று என்னைக் காட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் எழுந்துபோய் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நின்றாள். குராமோச்சி விரலால் சைகை காட்டினார். கொஞ்சம் இடது. இன்னும் அரை அடி. போதும். நான் ஊசியை வைத்தேன்.

முதல் வரியில் தயங்கினாள். இரண்டாம் வரியில் மூச்சு எடுத்துப் பாட ஆரம்பித்தாள். பெரிய குரல் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. ஓகிதாவுக்கும் முராய்க்கும் நடுவே, பன்னிரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், அது போய் உட்கார்ந்துகொண்டது. கீழ்வீட்டுக்காரர் அன்று வரவில்லை.

குராமோச்சி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அலமாரி மெத்தைமேல் முதுகை நன்றாகச் சாய்த்து, வெள்ளைக் கையுறை விரலை நேராக நீட்டினார்.

"ரெண்டாம் வரிசை, நாலாவது ஆள்," என்று பேருந்தில் சொல்கிற அதே குரலில், உரக்கச் சொன்னார். "சரி!"